டோக்கன் இல்லாமல் ஸ்பேனர் கிடையாது

குக்கர் கைப்பிடியில் ஸ்குரு லூசாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். வேறு எந்த வீட்டிலும் அது அரை நிமிட வேலை. அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் கோவிந்தராஜ் வீட்டில் மட்டும் அது அரசாங்க நடவடிக்கை.

"ஏங்க, அந்த ஸ்குரு டிரைவரக் குடுங்க."

"டோக்கன்?"

ஞானம்மாள் கையில் குக்கரோடு கார் ஷெட்டின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே அடுப்பில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே அவள்.

"யோவ், நான் உன் பொண்டாட்டியா, வேத்தாளா?"

"பொண்டாட்டின்னா இன்னா, கொம்பா? டோக்கன் குடு, டூல் எடு. டூல் குடு, டோக்கன் எடு. நாட்டோட ராணுவமே இந்த ரூல்லதான் ஓடிகினு கீது."

டோக்கன் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது, அல்லது பூஜை அலமாரியில், அல்லது நேற்று உடுத்திய புடவை முந்தானையில். தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் புளி வற்றி, தீய்ந்து, தெருமுனை வரை மணத்தது. அன்று அடித்த தீய்ந்த குழம்பின் வாசனையைத்தான் தன் எரிச்சலின் வாசனை என்று ஞானம்மாள் பிற்பாடு பக்கத்து வீட்டு ஜரினாவிடம் சொன்னாள்.

கோவிந்தராஜைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கூத்து புரியாது. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் டூல் ஸ்டோர் கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். அங்கே ஒவ்வொரு தொழிலாளியிடமும் அவனுடைய நம்பர் அடித்த பித்தளை டோக்கன் இருக்கும். டோக்கனைக் கவுன்டரில் வைத்தால் கேட்ட கருவி கைக்கு வரும். கருவி தொங்கிய ஆணியில் டோக்கன் தொங்கும். சாயந்திரம் கருவியைத் திருப்பிக் கொடுத்து டோக்கனை மீட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக முடியும். இப்படி ஊரில் பாதிப் பேர் கைக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் கோவிந்தராஜ். ஆனால் ஆயுளில் ஒரு நட்டையாவது தன் கையால் திருகியதில்லை. ஆயிரம் கல்யாணத்துக்குக் கரண்டி எடுத்துக் கொடுத்தவர், ஒரு நாளும் ரசம் வைக்காதவர் மாதிரி.

ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்ததும், விடியற்காலையில் எழுந்து, ஷூ மாட்டி, டிபன் பாக்ஸோடு வாசலில் நிற்பார். போக இடமில்லை. பால்காரரை நிறுத்தி, "ஏன் லேட்டு?" என்பார். அந்தப் பால்காரர் இப்போது அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். பிறகு ஒரு நாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அறிவித்தார்:

"ஞானம், நான் ஒரு காரு கட்டப் போறேன்."

"வாங்கப் போறீங்களா?"

"வாங்கறவன் வாங்கட்டும். நான் கட்டப் போறேன். ஊட்லயே. நம்ம ஷெட்ல."

ஞானம்மாள் கையிலிருந்த சட்னிக் கரண்டி அப்படியே நின்றது. நம்ம ஷெட்டா? அந்த ஷெட்டைக் காட்டித்தானே அவள் இந்த வீட்டை வாங்க வைத்தாள்! வாசலைப் பார்த்த ஷெட், தண்ணீர்க் குழாய் உண்டு, தனி மின் இணைப்பு உண்டு. மாவுக் கடை போடுவதற்கென்றே எவனோ கட்டி வைத்த மாதிரி. அதற்காகப் பெரிய கிரைண்டரும் வாங்கியாகிவிட்டது. அது இப்போது ஹாலில், டி.வி.க்கு முன்னால், கோயில் யானை போல நின்றது. அதன் மறைப்பில் பாதித் திரைதான் தெரியும். சீரியலில் மாமியார் திட்டுவது தெரியும். மருமகள் அழுவது தெரியாது. ஞானம்மாளுக்கு இதுவரை கதையில் ஒருபக்க நியாயம்தான் தெரியும்.

"ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் ஷெட்டு உனுக்கு. காரு அதுக்குள்ள வெளிய ஓடிகினு இருக்கும்," என்று வாக்குக் கொடுத்தார்.

ஆவணியில் அவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஏரிப்பக்கம் எழும்பிய புது அடுக்குமாடியில் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பால் காய்ச்சிக் குடியேறிக்கொண்டிருந்தன. மனுஷன் கட்சி மாறுவான், சாமி மாறுவான், ஒரு தடவை நாக்குக்குப் பழகிய மாவை மாற்ற மாட்டான். ஏற்கெனவே ஒரு வேன்காரன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பாக்கெட் மாவு விற்க வந்துபோகத் தொடங்கிவிட்டான். அவன் மாவை ஞானம்மாள் வாங்கி ஊற்றிப் பார்த்தாள். இட்லி வந்தது, சுவரில் அடித்தால் திரும்பிக் கைக்கே வரும் இட்லி. அதற்குப் பழகிவிட்டால் அந்தக் குடும்பங்களுக்கு விமோசனமே இல்லை. அவளுக்கும் கடை இல்லை.

ஆடி பாதியானது. ஷெட்டில் காரின் ஒரு பாகமாவது வந்ததா என்றால் வந்தது. ஹாரன். புதுப்பேட்டையிலிருந்து வாங்கி வந்த, ரப்பர் உருண்டையை அழுத்தினால் பிளிறும் ரகத்து ஹாரன். அதை ஆணியில் மாட்டிவிட்டு, மீதி நேரமெல்லாம் மனுஷர் கருவி தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுத்தார், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்தது இன்னொன்று: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சொல்லி, ஒரு சாக்கு நிறையப் பித்தளை டோக்கன் அடித்துக்கொண்டு வந்தார்.

"கீறது நீங்க ஒரு ஆளு. சாக்கு டோக்கன் எதுக்கு?"

"நாளைக்கு ஆளுங்க வந்தா?"

"எந்த ஆளுங்க?"

ஒன்றாம் நம்பர் டோக்கனை மட்டும் எடுத்து, பெரிய மனது பண்ணி, மனைவி கையில் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை, "இதான் கடேசி டூலு, சத்தியமா" என்று சொல்லி அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். டிரங்க் ரோட்டில் முகமது இஸ்மாயிலின் இரும்புக் கடை. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே இஸ்மாயில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கக்கா, ஒக்காருங்க. டீ சொல்றேன். சார் வந்தா எப்டியும் நாலு டீ ஆவும். இன்னா சார், இன்னிக்கி இன்னா ரிஜெக்ட் பண்ணப் போறீங்கோ?"

"ஸ்பேனர் காட்டு பாய்."

இஸ்மாயில் ஒரு கட்டு ஸ்பேனரைப் பரப்பினார். கோவிந்தராஜ் ஒவ்வொன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு, இன்னொன்றால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். கண்ணாடி மேசையில் உருட்டினார். முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் அதுவும் நடந்தது என்று இஸ்மாயில் எங்கு கேட்டாலும் சத்தியம் செய்வார்.

"இது ஊமை," என்று ஒன்றைத் தள்ளினார்.

"ஸ்பேனர் எதுக்கு சார் பேசணும்? நட்டு கழண்டா போதாதா?"

"இது பேசுது. ஆனா பொய் பேசுது."

ஞானம்மாள் டீயை மேஜையில் வைத்தாள். "பாய், ஒரு காருக்கு இன்னா ஸ்பேனர் வேணும், நீங்களே எடுத்துக் குடுங்க. நான் ஊட்டுக்குப் போய் உளுந்து ஊற வெக்கணும்."

இஸ்மாயில் விரல் நீளத்தில் ஒன்றை எடுத்தார். "இதோ. இந்த செட்டு ஒண்ணு இருந்தா பாதிக் கார கழட்டி மாட்டலாங்க்கா."

கோவிந்தராஜ் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது இன்னா, பல்லு குத்தற குச்சியா? டேங்க் பாத்த கண்ணு பாய் இது." பிறகு நிமிர்ந்து கடையின் பெயர்ப் பலகைக்குக் கீழே கையைக் காட்டினார். "அது இன்னா வெல?"

அங்கே சங்கிலியில் ஒரு ஸ்பேனர் தொங்கியது. ஸ்பேனர் என்று மரியாதைக்குச் சொல்வது. அதன் வாயில் ஒரு பூசணிக்காய் நுழையும். மழைக்கு அதன் கீழே இரண்டு பேர் ஒதுங்கலாம்.

"சார், அது எங்க வாப்பா காலத்துலேர்ந்து மாட்டிகினு கீது. விக்கறதுக்கில்ல. 'ஸ்பேனர் தொங்குற கட'ன்னாதான் ஆட்டோகாரனுக்கே வழி தெரியும்."

"தட்டிப் பாரு."

இஸ்மாயில் விதியே என்று ஸ்டூல் மேல் ஏறித் தட்டினார். கணீரென்று ஒலித்தது. எதிர்ச்சாரியில் ஒருவர் கோயில் மணியென்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோவிந்தராஜின் கண்ணில் நீர் துளிர்த்தது.

"சார், சொன்னா கேளுங்க. அந்த வாய்க்கு ஏத்த நட்டு எந்தக் காருலயும் கெடயாது."

"காருக்கேத்த டூலத் தேடறவன் மெக்கானிக்கு, பாய். டூலுக்கேத்த காரக் கட்றவன்தான் கோவிந்தராஜ்."

இஸ்மாயில் ஞானம்மாளைப் பார்த்தார். ஞானம்மாள் கூரையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தோ என்னவோ, இஸ்மாயில் வாப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஸ்பேனரை இறக்கினார்.

திரும்பி வரும்போது அது அவள் மடியில். ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நீட்டிக்கொண்டு. வேலப்பன்சாவடி சிக்னலில் ஒரு தனியார் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. அந்த ரோடு போட்ட நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னாக்கா, அனுமார் கோயிலுக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். அவள் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் கணவர் காது தாங்காது என்று தெரியும், வண்டி ஓட்டுகிறாரே.

வீட்டுக்கு வந்ததும் திறந்தாள்.

"ஆவணி பொறக்கப் போவுது. காரு எங்கய்யா? காமி. எங்க காரு?"

ஷெட்டில் நிற்க இடமில்லை. சம்மட்டி, வைஸ், ஜாக்கி, யானையைத் தூக்கும் செயின் பிளாக், பைப் ரெஞ்சு, கட்டிங் பிளேயர் என்று சுவர் தெரியாமல் இரும்பு. ஒவ்வொன்றும் எண்ணெய் பூசி, பிறந்த குழந்தை போலத் துடைத்து.

கோவிந்தராஜ் ஆணியைக் காட்டினார். "ஹாரன் கீதுல்ல?"

"ஹாரன் மேல ஒக்காந்து போலாமா?"

"அவசரப்படாத ஞானம். டூலு மொதல்ல. டூலு செட்டாயிடுச்சுன்னா காரு தானா வந்துடும்."

"தானா வர்றதுக்கு அது இன்னா எருமையா?"

அவர் பெரிய ஸ்பேனருக்கு எண்ணெய் பூசத் திரும்பிவிட்டார். ஞானம்மாள் ஹாலுக்கு வந்து கிரைண்டர் மேல் சாய்ந்தாள். தெருவில் வேன்காரனின் ஒலிபெருக்கி, "பஞ்சு போல இட்லி" என்று பொய் சொல்லிக்கொண்டு போனது. அதன் பின்னால் அடுக்குமாடிப் பெண்கள் இரண்டு பேர் கையில் பையோடு. அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரம் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஜரினா தலைமுக்காடு நழுவ ஓடி வந்தாள். தையல்காரி, நிதானமானவள், ஓடவே மாட்டாள்.

"அண்ணே! எங்கூட்டு மோட்டார் பைப்பு புட்டுக்கிச்சு. ஊடு பூரா தண்ணி. கல்யாண பிளவுஸெல்லாம் மெதக்குது. ஒரு பைப் ரெஞ்சு குடுங்கண்ணே!"

கோவிந்தராஜ் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டோக்கன்?"

"இன்னாண்ணே டோக்கன்? தண்ணி போவுதுண்ணே!"

"யோவ்!" என்று உள்ளிருந்து வந்த ஞானம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் ஒன்றாம் நம்பரை ஜரினா கையில் திணித்தாள். "இந்தா, இத அந்தாளு மொகத்துல வை."

ஜரினா வைத்தாள். அடுத்து நடந்ததை ஞானம்மாள் பார்த்தாள். கோவிந்தராஜின் முதுகு நிமிர்ந்தது. டோக்கனை வெளிச்சத்தில் பார்த்தார், தட்டினார். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பைப் ரெஞ்சை எடுத்தார். அது தானாக அவர் கைக்கு வந்த மாதிரி இருந்தது. துடைத்து, பிடியை ஜரினா பக்கம் திருப்பி நீட்டி, "சாயந்தரம் சைரனுக்குள்ள திரும்பி வந்துடணும்" என்றார். எந்த சைரன் என்று ஜரினா கேட்கவில்லை, ஓடிவிட்டாள். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று எந்த மூட்டையிலோ வைத்துத் தொலைத்த முகம் அது.

ஞானம்மாள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள். ரெஞ்சு போன இடத்தில் சின்னதாக, சுண்டு விரல் அகலத்துக்கு, ஒரு டோக்கன். சுற்றிலும் சுவர் தெரிந்தது.

"ஏங்க," என்றாள், கல்யாணமான புதிதில் பேசிய குரலில். "டோக்கனோட யார் வந்தாலும் குடுத்துடுவீங்களா?"

"டோக்கன் வெச்சுட்டான்னா அப்பீலே கெடயாது. ஜெனரல் மேனேஜரே குறுக்கப் படுத்தாலும் டூலு போயாவணும். அதான் ரூலு."

"சம்மட்டி? ஜாக்கி? அந்தப் பூசணிக்கா ஸ்பேனரு?"

"எதுவா இருந்தா இன்னா?"

"டோக்கன யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்றது யாரு?"

"அது ஆளெடுக்கற பர்சனல் டிபார்ட்மென்ட் வேல. ஸ்டோர்காரன் அதுல தலையிட மாட்டான்."

"நம்மூட்ல பர்சனல் யாரு?"

கோவிந்தராஜ் யோசித்தார். பதவி காலியாகத்தான் இருந்தது.

ஞானம்மாள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். தேர்தலில்கூட அந்தத் தெருவில் அவ்வளவு வேகமாகப் பூத் சிலிப் கொடுத்ததில்லை. அடுக்குமாடிப் பிளம்பர்கள், பஞ்சர் கடைக்காரர், கொத்தனார்கள், வாட்டர் டேங்கர் லாரிக்காரர்கள், ஏரியில் படகு பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், எல்லாருக்கும் ஆளுக்கொன்று. "ஓசியில டூலு. டோக்கன வெச்சா போதும். பெருசா எடுத்துக்கோங்க, கனமா எடுத்துக்கோங்க. அப்டியே ஆவணியில மாவுக் கட தொறக்கறேன், ஏனத்தோட வந்துடுங்க."

மத்தியானத்துக்குள் கம்பிக் கதவுக்கு வெளியே ரேஷன் கடையைத் தோற்கடிக்கும் வரிசை. "லைன்ல வா! தள்ளாத! நீ இன்னா கேட்ட? அதுக்கு இந்த ரெஞ்சு தாங்காது, இத எடு!" கோவிந்தராஜின் குரல் ஏரிக்கு அக்கரையில் கேட்டது. செயின் பிளாக் அடுக்குமாடிக்குப் போனது. வைஸ் படகுக்குப் போனது. சம்மட்டிகள் கொத்தனார்களோடு கூட்டமாகக் கிளம்பின. கடைசியில் ஒரு டேங்கர் லாரிக்காரர் வந்து பெரிய ஸ்பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாத்தே, இந்த சைசுக்கு மெட்ராஸ் பூரா தேடிட்டேன்! டேங்க் மூடி நட்டு தொறக்க முடியாம ரெண்டு வண்டி படுத்துகினு கீது!"

கோவிந்தராஜ் ஞானம்மாள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நட்டு இல்லன்னான் பாய்!" லாரிக்காரரும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஸ்பேனரை நான்கு பேர் சுமந்து போனார்கள், சாமி ஊர்வலம் மாதிரி.

அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தரை காலியாவதைப் பார்க்கவில்லை. ஜரினாவும் இரண்டு பிளம்பர்களும் பிடிக்க, வீட்டு வழியாகக் கிரைண்டர் உருண்டு ஷெட்டுக்குள் நுழைந்தது. குழாய்ப் பக்கம் உட்கார்ந்தது. ஞானம்மாள் பிளக்கைச் செருகினாள். கல் சுற்றும் சத்தம் கேட்டுத்தான் கோவிந்தராஜ் திரும்பினார். சுவரெங்கும் பித்தளை டோக்கன்கள் பொட்டு வைத்த மாதிரி மின்ன, நடுவில் கிரைண்டர்.

"ஞானம்... காரு?"

"கட்டுங்க. யாரு வேணான்னா? டூலெல்லாம் திரும்பி வரட்டும். டூலு இல்லாம எப்டிக் காரு கட்டுவீங்க?"

அவர் அந்தப் பேச்சையும் ஸ்பேனர் மாதிரி மனதுக்குள் தட்டிப் பார்த்தார். அதில் ஒரு ஓட்டையும் இல்லை, அவருடைய ரூல்தான். தவிர, சாயந்திரம் திரும்பிய கருவிகள் மறுநாள் காலையிலேயே வேறு கைக்குப் போயின. அவருக்கும் கார் ஞாபகம் வரும் அளவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. விடியற்காலை ஷூ மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்து, இடது பக்கம் திரும்பினால் டியூட்டி. தரை அவளுக்கு, சுவர் அவருக்கு என்று ஏற்பாடானது.

அந்த ஏற்பாட்டில்தான் ஞானம்மாள் ஏமாந்தாள்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை. மாவு பொங்கி நுரைத்து நின்றது. ஞானம்மாள் கற்பூரம் காட்டி, ஹாரனை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஏரிக் கொக்கெல்லாம் பறந்தன. வேன்காரன் பயந்துபோய் ஒலிபெருக்கியை அணைத்தான். அடுக்குமாடிப் பெண்கள் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஞானம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. மாவு மொள்ள அகப்பைக்குக் கை நீட்டினாள்.

அகப்பை இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பெரிய ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் நடுவில், எண்ணெய் துடைத்த புது ஆணியில், அகப்பை தொங்கியது. அதற்குக் கீழே கோவிந்தராஜ், கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, முதுகு நிமிர்ந்து.

"ஏங்க, அகப்ப."

"டோக்கன்?"

ஒன்றாம் நம்பர் டோக்கன் ஜரினா மறுபடி வாங்கிப்போன பைப் ரெஞ்சுக்கு ஈடாக எதிர்ச் சுவரில் தொங்கியது. அவள் மோட்டார் பைப்பு இன்னொரு தடவை புட்டுக்கொண்டுவிட்டது.

"யோவ்! ஆளுங்க நின்னுகினு கீறாங்கய்யா!"

"ரூலு ரூலுதான் ஞானம்."

வரிசையில் முதலில் நின்ற பெண் தூக்குவாளியை இன்னொரு கைக்கு மாற்றி, வேன் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஞானம்மாள் ஒரே எட்டில் கணவரிடம் போனாள். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். ஆணியிலிருந்து அகப்பையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் கண்ணாடியை மாட்டினாள்.

"இந்தா டோக்கன். கட சாத்தறப்போ அகப்பய வெச்சிட்டு எடுத்துக்கறேன். அடுத்தது யாருமா? கிட்ட வா."

கோவிந்தராஜ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆணியைத் தடவினார். கண்ணாடிதான். ஈடு சரியாகத்தான் இருந்தது. அவர் கவுன்டரில் உட்கார்ந்து, தனக்கு முன்னால் நிற்கும் மங்கலான ஒரு உருவத்தைப் பார்த்து, "சொல்லுங்க, இன்னா டூலு?" என்றார்.

"ரெண்டு லிட்டர் மாவு," என்றது உருவம்.